சிலந்திக் கட்சி பாய்க்கு, வண்டுக் கட்சியிலிருந்து

நான் அன்றைக்கே சொன்னேன், பாய். எல்லாவற்றையும் முன்கூட்டியே சொன்னவன் நான்தான். நீ ஜொகூருக்குப் போகும் கடல்பாலத்தைத் தாண்டுவாய் என்றேன், தாண்டினாய். உன் பேத்திக்கு உன் தொண்டைதான் வரும் என்றேன். நேற்று ஜொகூரிலிருந்து போனில் அவள் போட்ட சத்தத்தில் என் வலது காது இன்னும் அடைத்துக் கிடக்கிறது. இன்று காலை என் புளோக்கில் கொசுப்புகை அடிக்க வருவார்கள் என்றும் சொல்லிவைத்திருந்தேன், சரியாக வந்தார்கள். மூன்று நாளாக லிஃப்டில் நோட்டீஸ் ஒட்டியிருந்தது என்பது வேறு விஷயம். எல்லாரும்தான் லிஃப்டில் போகிறார்கள், எத்தனை பேர் படிக்கிறார்கள்?

மார்சிலிங்கில் எல்லா வீட்டு ஜன்னலும் சாத்திக்கொண்டது. நான் மட்டும் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன். எரிந்த டீசலும் மருந்தும் கலந்த அந்த வாசனை உனக்குத் தெரியும். இருபத்திரண்டு வருஷம் நம் சட்டையில் உட்கார்ந்திருந்த வாசனை. அந்தச் சட்டையோடு வீட்டுக்குள் வராதே என்று, நான் தங்கச்சி என்று கூப்பிடும் உன் மனைவி உன்னைக் காரிடாரிலேயே நிறுத்தி வைப்பாளே, அந்த வாசனை. புகை மேலே ஏறிய கொஞ்ச நேரத்தில் ஜன்னல் சட்டத்திலிருந்து ஒரு சிலந்தி நூலைப் பிடித்துக்கொண்டு இறங்கியது. "பாய், உன் கட்சி ஆள் வந்திருக்கான்" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் நீ இல்லை என்பது ஞாபகம் வந்தது. அதனால் இந்த மடல்.

கொசு ஒழிப்புக் கம்பெனி வேனை நீ ஓட்டினாய். மருந்து நான் அடித்தேன், எண்ணெய் நான் ஊற்றினேன், கிட்டத்தட்ட சூப்பர்வைசர் வேலையும் நான்தான் பார்த்தேன். கட்சி பிரிந்தது மதியச் சாப்பாட்டு நேரத்தில். வேனின் பின்கதவைத் திறந்துவைத்து, நீ தங்கச்சி கட்டிக்கொடுத்த பிரியாணியும் நான் கடையில் வாங்கிய நாசி லெமாக்குமாக உட்காருவோம். நீ சிலந்திக் கட்சி. கூரை மூலையில் ஒரு வலையைக்கூட என்னைத் தொடவிட மாட்டாய். "அது நம்ம வேலையத்தான் செய்யுது லா. சம்பளம் கேக்கல, லீவு கேக்கல" என்பாய். நபிகள் ஒளிந்திருந்த குகையின் வாசலில் வலை பின்னிக் காத்த சிலந்தியைச் சொல்லி, எங்கள் மார்க்கத்தில் அதற்கு ஒரு மரியாதை உண்டு என்பாய். அதற்கு மேல் நான் பேச முடியாது.

நான் வண்டுக் கட்சி. காரணம் உனக்குத் தெரியும், தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தேங்கிய தண்ணீரில் எண்ணெய் ஊற்றுவது கொசுப் புழு மேலே வந்து மூச்சு வாங்க முடியாமல் சாக வேண்டும் என்பதற்காக. அதே தண்ணீரில் பாசிப்பயறு அளவுக்கு ஒரு முக்குளி வண்டு இருக்கும். பின்னங்கால் இரண்டும் துடுப்பு. மேலே வந்து வாலை நீட்டிக் காற்றைப் பிடித்து, இறக்கைக்கு அடியில் அடைத்துக்கொண்டு உள்ளே போகும். வால் நுனியில் ஒரு வெள்ளிக் குமிழி ஒட்டிக்கொண்டு மின்னும். முதல் தடவை எண்ணெய் ஊற்றியபோது அந்த வண்டுகள் மேலே வந்து வந்து முட்டின. எண்ணெய் விடவில்லை. அன்றிலிருந்து ஊற்றுவதற்கு முன் நீளக் கைப்பிடிக் கரண்டியால் வண்டுகளை அள்ளி வாளியில் போட்டுவிட்டுத்தான் எண்ணெயைத் தொடுவேன். தீவில் அப்படி வேலை செய்த ஒரே ஆள் நான்தான். நீ வேனிலிருந்து ஹாரன் அடிப்பாய்.

"புரொபசர்! கொசு ஒழிக்க வந்தியா, ஆஸ்பத்திரி நடத்த வந்தியா?"

புரொபசர் என்ற பட்டம் நீ கொடுத்தது. ஆறாம் வகுப்போடு நின்றவனுக்கு அதைவிடப் பெரிய பட்டம் யார் தரப்போகிறார்கள்?

ஒருநாள் உட்லண்ட்ஸில் ஒரு கிடங்கில் பலகை அடுக்குக்கு அடியில் கையை விட்டாய். "ஸ்ஸ்" என்று இழுத்தாய். உன் விரலைக் கடித்துவிட்டு ஒன்று ஓடியது. வயிற்றின் அடியில் உடுக்கை மாதிரி செங்கல் நிறக் குறி. விஷச் சிலந்தி. என் கைப்பிடி அளவு இருந்தது. நான் உன்னைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு கிளினிக்குக்கு ஓடினேன். டாக்டரே என்னைப் பார்த்து அசந்துபோனார். நீ மட்டும் எல்லாரிடமும், "பட்டாணி அளவு சிலந்தி. நான்தான் வேனை ஓட்டிட்டுப் போனேன். இவன் பக்கத்துல உட்காந்து அழுதான்" என்று சொல்லித் திரிந்தாய். இரண்டு நாள் கை வீங்கி, இடுப்பெல்லாம் வலித்தது. அப்போதும் கட்சி மாறவில்லை. "பயந்துடுச்சு, பாவம். உன் மூஞ்சியப் பாத்துட்டு என்னக் கடிச்சிருக்கு."

அந்தச் சிலந்தி வந்த பிறகு நம் சண்டை சூடு பிடித்தது. கம்பெனி வகுப்பில் சொல்லிக்கொடுத்ததை வைத்து நீ பேசினாய்.

"சிலந்திக்கு நுரையீரல் எங்க இருக்கு தெரியுமா? வயித்துல. தாள் தாளா, புத்தகம் மாதிரி. எங்க ஆளு படிச்சவன். வயித்துக்குள்ளயே புத்தகம் வச்சிருக்கான். உன் ஆளு?"

"என் ஆளு நடப்பான், நீந்துவான், பறப்பான். எம்ஆர்டி ரயில், படகு, ஏரோப்ளேன் மூணும் ஒரே கார்டுல."

"விஷம் இருக்கா?"

"குட்டியா இருக்கும்போது அதுவும் உன் ஆளு மாதிரிதான். கொடுக்கைக் குத்தி, உள்ள ஜூஸ் விட்டு, கரைச்சு உறிஞ்சும். பெருசான பிறகு திருந்தி மென்னு சாப்பிடும். உன் ஆளுக்கு அந்தப் பண்பாடு வந்துச்சா?"

நீ சிரித்துச் சிரித்து இருமினாய். அந்த இருமலை நாம் இரண்டு பேருமே சிரிப்பின் பகுதி என்றுதான் நினைத்தோம். வேனுக்கு வருவதற்கு முன்னால், இளவயதில் நீ கப்பல் பட்டறையில் துரு உரித்தவன். அந்தத் தூசி உள்ளே உட்கார்ந்து காத்திருந்திருக்கிறது.

வேலையை விட்ட பிறகு வீட்டு மூலையில் ஆக்சிஜன் மெஷின் வந்தது. அதிலிருந்து நீளமாக ஒரு குழாய், நுனி உன் மூக்கில். அந்தக் குழாய் கட்டில் வரை வரும், சமையலறை வரை வரும், வாசல்படிக்கு ஓரடி முன்னால் நின்றுவிடும். வெளியே போவதற்கென்று ஒரு சின்ன சிலிண்டரும் தோள்பையும் தந்திருந்தார்கள். அது எட்டு மாதம் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கியது. ஒரே ஒரு நாள் அதை மாட்டிக்கொண்டு லிஃப்ட் வரை போயிருக்கிறாய். லிஃப்டில் யாரோ உன் மூக்கைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவ்வளவுதான், திரும்பி வந்து ஆணியில் மாட்டிவிட்டாய்.

அப்போதுதான் ஜொகூரில் கட்டிக்கொடுத்த உன் மகள் ஷமீமாவுக்குப் பெண் பிறந்தது. ஏழாம் நாள் பெயர் வைக்கும்போது குழந்தையின் காதில் தொழுகை அழைப்பான பாங்கைச் சொல்வது உங்கள் வீட்டு வழக்கம். தங்கச்சி போனை ஸ்பீக்கரில் போட்டாள். நானும் இருந்தேன்.

"வாப்பா, பாங்கு நீங்கதான் சொல்லணும்."

"பள்ளிவாசல் ஹஜ்ரத்த வச்சுச் சொல்லிக்கம்மா. அவருக்கு நல்ல குரல்."

"எனக்கு நல்ல குரல் வேணாம் வாப்பா. உங்க குரல் வேணும்."

நீ போனைத் தள்ளி வைத்துவிட்டாய். "மூக்குல குழாயோட குனிஞ்சா புள்ள அலறிடும். பாதியில மூச்சு நின்னா எல்லார் முன்னாடியும் அசிங்கம்" என்றாய். தங்கச்சி புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அப்போது நான் சொன்னதை இன்றைக்கு நினைத்தாலும் நாக்கைக் கடித்துக்கொள்கிறேன். "நீ உன் கட்சிக்காரனாவே ஆயிட்ட, பாய். மூலையில உட்காந்து நூலப் புடிச்சுத் தொங்குற. அந்த உட்லண்ட்ஸ் சிலந்திக்காவது விஷம் இருந்துச்சு. உங்கிட்ட வலை மட்டும்தான் மிச்சம்."

நீ கத்தவில்லை. மெதுவாகத்தான் சொன்னாய். "எந்திரிச்சுப் போ."

போனேன். இரண்டு நாள் வரவில்லை. என் வாழ்க்கையில் நான் வாய் திறக்காமல் இருந்த நீண்ட காலம் அதுதான்.

குழந்தை பிறந்த நாலாம் நாள் கீழே தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றப் போனேன். முந்தைய இரவு மழைக்கு நிரம்பிய என் வாளியில் ஒன்று நீந்திக்கொண்டிருந்தது. எங்கிருந்தோ பறந்து வந்து இறங்கியிருக்கிறது. தேங்கிய தண்ணீரைக் கவிழ்த்துக் கவிழ்த்தே வயசான கை, பாதி கவிழ்த்தும்விட்டது. கடைசி நொடியில் பார்த்தேன். ஊறுகாய் புட்டியைக் கழுவி, அதற்குள் வண்டை விட்டு, பஸ்ஸில் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உன் வீட்டுக்கு வந்தேன்.

"பூச்சிய உள்ள கொண்டு வராதீங்கண்ணே" என்று தங்கச்சி வாசலிலேயே நிறுத்தினாள். சரியென்று காரிடாரில் அவளுடைய கற்பூரவள்ளித் தொட்டிக்குப் பக்கத்தில் புட்டியை வைத்தேன். நீ உள்ளே சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாய். நான் கம்பிக்கதவு வழியாகப் பேச்சைத் தொடங்கினேன்.

"மன்னிப்புக் கேக்க வரல பாய். ஒரு ஆளக் காட்ட வந்தேன். இவனுக்குத் தண்ணிக்குள்ள மூச்சு விடத் தெரியாது. செவுள் கிடையாது. ஆனா தண்ணிக்குள்ளதான் இவனுக்கு வேலை. அதனால காத்தப் பையில போட்டு எடுத்துக்கிட்டுப் போறான். அதுக்காக எந்த மீனுகிட்டயும் வெக்கப்பட்டு நான் பாத்ததில்ல."

நீ திரும்பவில்லை. ஆனால் காது இந்தப் பக்கம்தான் இருந்தது.

அந்த நேரம் பார்த்து லிஃப்ட் திறந்து ஒரு பெண் வந்தாள். சீருடை, தோள்பை, கையில் டார்ச். வீடு வீடாகக் கொசு பார்க்கிறவள். நம்ம தமிழ்ப் பொண்ணுதான்.

"அங்கிள், இந்தத் தண்ணி யாரோடது?"

"நான் யாருன்னு தெரியுமாம்மா? இந்தத் தீவுல பாதி வாய்க்காலுக்கு நான்தான்…"

"யாரா இருந்தாலும் தேங்குன தண்ணி தேங்குன தண்ணிதான் அங்கிள்."

இருபத்திரண்டு வருஷம் நான் மற்றவர்களிடம் சொன்ன அதே வசனம். அவள் புட்டியை எடுத்தாள், தொட்டியில் ஊற்றுவதற்குச் சாய்த்தாள்.

"ஊத்தாதே!"

உள்ளேயிருந்து உன் குரல். எழுந்து வந்தாய். குழாய் வாசல்படிக்கு ஓரடி முன்னால் உன்னைப் பிடித்து இழுத்தது. நீ அதை மூக்கிலிருந்து பிடுங்கினாய். ஆணியிலிருந்த பையை எடுத்தாய். சிலிண்டர் 'உஸ்' என்றது. அதன் குழாயை மாட்டிக்கொண்டே படியைத் தாண்டி வந்து அவள் கையிலிருந்த புட்டியைப் பிடித்தாய்.

"லைட்ட அடிச்சுப் பாரும்மா… ஒரு புழு இருக்கா? இருக்காது… இவன் இருக்கற தண்ணியில… கொசுப் புழு தங்காது."

அவள் டார்ச்சை அடித்தாள். வண்டு மேலே வந்து வாலை நீட்டி, வெள்ளிக் குமிழியோடு கீழே போனது.

"ஐ! அது என்ன அங்கிள், முத்து மாதிரி?"

"காத்தும்மா. கையோட எடுத்துக்கிட்டுப் போகுது."

எதிர்வீட்டு மலாய்க்கார அக்காவும் வந்து எட்டிப் பார்த்தார். நீ தமிழில் பாதி, மலாயில் பாதியாக ஆரம்பித்தாய். விஷச் சிலந்தியும் இந்தப் பயறளவு வண்டும் குட்டியில் ஒரே மாதிரிதான் சாப்பிடும் என்றாய். சிலந்தி வலை கட்டி இரை வரட்டும் என்று இருக்கும், இவன் தேடிப் போவான் என்றாய். என் வசனம் அத்தனையும் உன் வாயிலிருந்து வந்தது. நடுநடுவே நின்று மூச்சு வாங்கினாய், எல்லாரும் காத்திருந்தார்கள். நான் உன்னைப் பார்க்கவில்லை பாய், அவர்களைத்தான் பார்த்தேன். ஒருவர்கூட உன் மூக்கைப் பார்க்கவில்லை. தங்கச்சியையும் சேர்த்து மூன்று தலையும் புட்டிமேல் குனிந்திருந்தன.

"புழு இல்ல, ஓகே. ஆனா மேல வலைத்துணி கட்டி வைங்க அங்கிள். சாயங்காலமே தோட்டத்துல விட்டுடுங்க லா" என்று அந்தப் பெண் அடுத்த வீட்டுக்குப் போனாள்.

அப்போதுதான் நீ சுற்றிப் பார்த்தாய். காரிடார், வெயில், கற்பூரவள்ளி.

"எவ்வளவு நேரமா வெளிய நிக்கிறேன்?"

"ஒரு மணி நேரம் பாய்."

"பதினஞ்சு நிமிஷம்ண்ணே" என்றாள் தங்கச்சி. அவள் கண் நிறைந்திருந்தது.

நீ அவளைப் பார்த்து, "மகளுக்குப் போன் போடு" என்றாய்.

ஏழாம் நாள் மாப்பிள்ளை கார் கொண்டுவந்தார். டாக்டரிடம் கேட்டு, பின்னால் இரண்டு சிலிண்டர் கூடுதலாக வைத்தோம். பாலத்தில் வண்டிகள் நகரவில்லை. இரண்டு பக்கமும் கடல். நீ சிலிண்டரின் அளவுமானி முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

"புரொபசர், உன் ஆளு ஒரு தடவ புடிச்ச காத்துல எவ்வளவு நேரம் உள்ள இருப்பான்?"

"வேலை முடியுற வரைக்கும்."

"யாரு சொன்னா?"

"அவனேதான்."

"ஓ, இப்ப வண்டு பாஷையும் வந்துடுச்சா?" என்றாய். முள்ளைப் பார்ப்பதை விட்டுவிட்டு வெளியே பார்த்தாய்.

ஷமீமா குழந்தையை உன் மடியில் வைத்தாள். குழந்தை அலறவில்லை. கையில் பட்ட உன் குழாயைப் பிடித்துக்கொண்டாள், வேன் ஸ்டியரிங்கை நீ பிடிப்பாயே அந்த மாதிரி. நீ அவளுடைய வலது காதுக்குக் குனிந்தாய். பாங்கு சொன்னாய். எங்கும் நிற்காமல், ஒரே மூச்சில். ஹஜ்ரத்தே தலையை ஆட்டினார். அதைத்தான் நான் தேக்காவிலும் மார்சிலிங்கிலும் பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்களிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அதற்குப் பிறகு ஒன்றரை வருஷம் உன்னை வீட்டில் பிடிக்க முடிந்ததா? அந்தப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பஃபலோ ரோட்டில் முருங்கைக்காய்க்குப் பேரம் பேசினாய். ஞாயிற்றுக்கிழமை தே தாரிக் கடையில், கட்டுமான வேலைக்கு வந்த தம்பி ஒருவர் தயங்கித் தயங்கிக் கேட்டார். "மூக்குல என்னங்கய்யா?"

"காத்து தம்பி. உனக்கு ஓசியில கிடைக்குது, எனக்குப் பார்சல்."

கடையே சிரித்தது. அன்றைக்கு உன் தேநீரை அந்தத் தம்பிதான் பிடிவாதமாக வாங்கிக்கொடுத்தார். ஜொகூருக்கு மட்டும் பதினான்கு தடவை போய் வந்தாய். பேத்தி உன் விரலைப் பிடித்துக்கொண்டு நடை பழகினாள், மூன்றடிக்கு ஒருமுறை நின்று நின்று. யார் யாருக்காக நின்றார்கள் என்று எனக்குத் தெரியாது. பிறகு ஒருநாள் விடியற்காலை சுபுஹு தொழுதுவிட்டுச் சாய்ந்தவன் எழவில்லை. தங்கச்சி சொன்னாள், முகம் சுளிக்காமல் இருந்தாயாம்.

இப்போது உன் பேத்தி பள்ளிக்கூடம் போகிறாள். நேற்று போனில் கேட்டாள். "தாத்தா என் காதுல சொன்ன கதைய மறுபடி சொல்லுங்க அங்கிள் தாத்தா." வழக்கம்போல ஆரம்பித்தேன். 'ஒரே மூச்சில்' என்ற இடம் வந்ததும் நிறுத்தினேன். நாளைக்குச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

ஏனென்றால் அது நான் கட்டியது, பாய். நீ ஒரே மூச்சில் சொல்லவில்லை. ஐந்து இடத்தில் நின்றாய். இரண்டாவது தடவை நின்றபோது ஹஜ்ரத் உதவிக்குக் குனிந்தார், நீ உள்ளங்கையைக் காட்டி அவரை நிறுத்தினாய். மூன்றாவது தடவை எனக்குத் தாங்கவில்லை, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். என் நண்பன் தடுமாறினான் என்று யாரும் சொல்லிவிடக்கூடாது என்றுதான் அந்த ஐந்தையும் கதையிலிருந்து எடுத்துப் போட்டேன். உனக்குப் பெருமை சேர்ப்பதாக நினைத்து, உன் வேலையில் பெரிய பாதியை நானே திருடியிருக்கிறேன்.

நாளை அவளிடம் அந்த ஐந்தையும் வரிசையாகச் சொல்லப்போகிறேன். என்னிடம் அவை பத்திரமாக இருக்கின்றன. ஒவ்வொரு தடவையும் அறையில் யாரும் அசையவில்லை, சிலிண்டர் மட்டும் 'உஸ்' என்றது. நீ மூச்சைச் சேர்த்துக்கொண்டு விட்ட இடத்திலிருந்து எடுத்தாய். ஏழு நாள் குழந்தை, கண்ணைத் திறந்துகொண்டு, அடுத்த சொல்லுக்காகக் காத்திருந்தாள்.